வண்டி ஓடினால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும்

நம் காலனிகளில் ஓடாமல் நிற்கிற வண்டி ஒன்றாவது இருக்கும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கி, ஓட்ட ஆளில்லாமல் நின்றிருக்கும். இன்சூரன்ஸ் கட்ட முடியாமல் நின்றிருக்கும். மேலே மிளகாய் வற்றல் காயும், அடியில் கோழி படுத்திருக்கும். அப்படி நின்ற ஒரு காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்ததைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன். பட்டறை வேலைக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கடைசிவரை படியுங்கள்.

எங்கள் குழுவிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. எப்போதும்வென்றான் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் படிப்பு மையத்துக்கும் வழக்கு வேலைக்கும் பயன்படட்டும் என்று கொடுத்தது. 2020 மார்ச் ஊரடங்கில் தகரக் கொட்டகைக்குள் போனது. அதை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் அடுத்த ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனார். அதன்பிறகு யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. 2022 ஆகஸ்டில்தான் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

காரணம் ஒரு வன்கொடுமை வழக்கு. முக்கியமான சாட்சி ஒரு பெரியம்மா. தூத்துக்குடி கோர்ட்டுக்கு அவர் பஸ்ஸில் போக வேண்டும். அவர் ஏறுகிற அதே நிறுத்தத்தில், அதே பஸ்ஸில்தான் எதிரிகளின் சொந்தக்காரர்களும் ஏறுவார்கள். அவர்கள் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். முன் சீட்டிலிருந்து திரும்பி "நல்லா இருக்கீகளா?" என்று கேட்டாலே போதும், சாட்சி பாதி உடைந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, தினப்படி கொடுக்க வேண்டும் என்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. ஆனால் படி கைக்கு வந்தாலும் பஸ் அதே பஸ்தான்.

கார் வெளியே வரப்போகிறது என்றதும் ஊர்த் தம்பிகளுக்கு ஒரே உற்சாகம். செப்டம்பர் 11 நெருங்கிக்கொண்டிருந்தது. 1957இல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனாரின் நினைவு நாள். எங்கள் கரிசல் ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் பரமக்குடிக்குப் போவார்கள். 2011இல் அதே நாளில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நம் மக்கள் செத்துப்போன பிறகு, அன்று வண்டியில் போவதே ஒரு சோதனை. அனுமதி, வழித்தடம், செக்போஸ்ட் என்று நூறு கெடுபிடி. "இந்தத் தடவை நம்ம சொந்தக் கார்லயே போவோம்க்கா. புது பேட்டரி மாட்டுனா ஓடிரும்" என்றார்கள்.

அந்த ஆசையை நான் சின்னதாக எண்ணவில்லை. இந்தப் பக்கத்தில் வண்டி என்பது வெறும் வண்டி இல்லை. ஊர்த்தெருவுக்குள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கெனத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த கவர்னகிரி இங்கே ஓட்டப்பிடாரம் பக்கம்தான். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதிவெறியர்கள் கிளம்பினார்கள், கலவரம் வந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களையே மொத்தமாக எடுத்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் நம் பெயர் இருப்பதையே தாங்காத இடத்தில், ஸ்டியரிங்கில் நம் கை இருக்க வேண்டும் என்று தம்பிகள் ஆசைப்படுவது நியாயம்தான்.

ஆனால் நான் அவர்களிடம் சாலிஸ்கான் கதையைச் சொன்னேன். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருப்பது. 1929இல் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். துலியாவிலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அவ்வூர் மகர் மக்கள் ஒரு ராத்திரியாவது தங்கிப் போகவேண்டும் என்று கெஞ்சி அழைக்கிறார்கள். டோங்கா வண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. ஒருவர் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார், ஓட்ட வரமாட்டேன் என்கிறார். மகர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அம்பேத்கரை நடக்கவைத்தால் அவருக்கு அவமரியாதை என்பது அவர்கள் எண்ணம். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை ஏற்றி உட்கார வைக்கிறார்கள். பாலத்தில் சக்கரம் கல்லுக்கிடையே சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள் விழுகின்றன. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி வீசப்படுகிறார், கால் முறிகிறது.

இந்தக் கதையில் வண்டிக்காரரின் சாதித் திமிரை நாம் எப்போதும் பேசுகிறோம். இன்னொரு பாதியை அம்பேத்கரே சொல்லியிருக்கிறார்: தன் மரியாதையைக் காப்பாற்றப்போய் அந்த மக்கள் தன் உயிரைப் பணயம் வைத்துவிட்டார்கள் என்று. அவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுகிறார். மரியாதை வேண்டும் என்றால் ஓட்டத் தெரிந்த கையும் வேண்டும், உறுதியான வண்டியும் வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

எங்கள் காரைப் பார்த்தவர் கோவில்பட்டிப் பட்டறையில் வேலை பழகிய நம் காலனித் தம்பி. அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஸ்டார்ட் பண்றது அரை நாள் வேலைக்கா. நிப்பாட்டுறதுதான் பெரிய வேலை." சாவியைத் திருப்பவே விடவில்லை. பானட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலிக்கூடு, மக்காச்சோளச் சக்கையும் பருத்திப் பஞ்சுமாக. இரண்டு இடத்தில் வயரின் மேல்தோலைக் கொறித்திருந்தது. அப்படியே செல்ஃப் அடித்திருந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கலாம். காட்டோரம் நிறுத்திய வண்டி என்றால் எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கும். கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

பேட்டரி செத்தே போயிருந்தது. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், இது 8கூடக் காட்டவில்லை. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. இப்போது விற்கிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். பெட்ரோலை வெட்டவெளியில், அடுப்பு பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வடித்தார். ஃபில்டரையும் குழாய்களையும் மாற்றினார்.

அடுத்து இன்ஜின். இந்தக் காருக்கு மூன்று சிலிண்டர். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விட்டு ஒரு ராத்திரி வைத்தார். மறுநாள் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றினார். உள்ளே துரு பிடித்து இறுகியிருந்தால் கைக்குத் தெரியும், செல்ஃப் மோட்டாருக்குத் தெரியாது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட் எல்லாம் புதிது. டைமிங் பெல்ட்டும் புதிது. அது ரப்பர். ஓடாவிட்டாலும் வயசாகும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃபை விட்டுவிட்டு அடித்து ஆயிலை மேலே ஏற்றினார். அதற்குப் பிறகுதான் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தது, அதுவும் காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய். மூடிய இடத்தில் ஓடும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளை அப்படியே சாய்த்துவிடும்.

வண்டி பிடித்துக்கொண்டதும் தம்பிகள் கைதட்டினார்கள். மெக்கானிக் தம்பி உடனே இன்ஜினை நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டார். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதால் பின்சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தது. பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் சரக்குதான். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மொத்த ஆயிலையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்தார். டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் வெயில் வெடிப்பு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் டயருக்கு எட்டு வயது. நான்கையும் மாற்றினோம்.

காகிதமும் வண்டியின் ஒரு பாகம்தான். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு 2019இல் புதுப்பித்தது இருந்தது. இன்சூரன்ஸ் காலாவதி. 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் அப்போது 2,094 ரூபாய், ஜிஎஸ்டி தனி. புகைச் சான்றிதழும் எடுத்தோம். எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். காலனிப் பெண்கள் குழுவும் வேலைக்குப் போயிருக்கும் பழைய மாணவர்களும் போட்ட பணம்.

பேட்டரி மட்டும் மாட்டியிருந்தால் 4,000 ரூபாயோடு முடிந்திருக்குமே என்று ஒரு தம்பி கேட்டார். யோசித்துப் பாருங்கள் என்றேன். பிரேக் பிடிக்காமல் நம் கார் ஊர்த்தெருவில் ஒரு ஆட்டின் மேல் ஏறுகிறது. அல்லது ஒரு குழந்தையின் மேல். வேறு யாருடைய கார் என்றாலும் அது விபத்து. நம் கார் என்றால் "காலனிக்காரன் திமிர்" ஆகிவிடும். சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடும், ராத்திரி காலனிக்கு வரும். இந்தப் பக்கத்தில் கலவரம் கிளம்ப ஒரு பஸ் தகராறு போதும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸும் இல்லை என்றால் நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும், ஒரு குடும்பமே அழியும். அடுத்தவருக்கு பிரேக் என்பது இயந்திரம். நமக்கு அது ஊரின் அமைதி.

இது நியாயமில்லை. எல்லோரையும்போல அரைகுறை வண்டியை ஓட்டித் தப்பிக்கிற சலுகைகூட நமக்கு இல்லை என்பதுதான் சாதி. அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருப்போம். அதே நேரம் பிரேக்கையும் சரிபார்ப்போம்.

செப்டம்பர் 11 அன்று கார் ஜாக்கி மேல்தான் நின்றது. தம்பிகள் வேறு வேனில் போய் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கு என் மேல் கொஞ்ச நாள் வருத்தம். மாதக் கடைசியில் வண்டி தயாரானது. முதலில் காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பார்த்தோம். பிறகு எட்டயபுரம்வரை போய்த் திரும்பி, கசிவு உண்டா, சக்கரம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் நான்குவழிச் சாலை.

அக்டோபரில் பெரியம்மா அந்தக் காரில் கோர்ட்டுக்குப் போனார். குறுக்கு விசாரணை சாயங்காலம்வரை இழுத்தது. அவர் சொன்னதிலிருந்து மாறவில்லை. திரும்பும்போது குறுக்குச்சாலை தாண்டியதும் தூங்கிவிட்டார். பஸ்ஸில் வந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டார்.

இப்போது படிப்பு மையத்தின் இரண்டு கல்லூரித் தங்கைகள் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை காரை அரை மணி நேரம் ஓட்டிவருவதும், ஆயில், கூலன்ட், காற்று பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. உங்கள் காலனியில் நிற்கிற வண்டியைப் போய்ப் பாருங்கள். பட்டறையில் கை கறுக்க நிற்கிற நம் தம்பியை இயக்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் அவரைப் பேச விடுங்கள். நாம் படித்த சமூகவியலில் இல்லாத பாடம் அவரிடம் இருக்கிறது.

ஜெய் பீம்.