எழுத்தாணிப் பூண்டு

கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் அலையை நோக்கியே நடப்பர். காலடியில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் சிறு பூண்டை நோக்குவார் அரியர். எழுத்தாணிப் பூண்டு என்பது அதன் பெயர். நாகைக் கரையிலும் உண்டு; நாம் வாழும் இந்தக் கொங்கணக் கரையிலும் உண்டு. சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இது வளரும் விதம் வியப்புக்குரியது. மணலுள் ஆழ இறங்கிய ஆணிவேர். அதன்மேல் தரையோடு ஒட்டி வட்டமாய்ப் பரந்த இலைகள். நடுவிலிருந்து நூல் போன்ற தண்டுகள் மணல்மீது ஓடும். ஓடிய தண்டு கணுவில் வேரூன்றி, அங்கே மற்றொரு செடியாகும். அதிலிருந்து மீண்டும் ஓர் ஓட்டம். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் செய்வதுபோல் இதுவும் தன்னளவில் மணலைப் பிணித்து வைக்கிறது. கிள்ளினால் பால் வடியும். ஒரு பூவென நாம் காண்பது பல பூக்களின் கொத்து. இதழென எண்ணும் ஒவ்வொன்றும் தனிப் பூவே. அதன் நுனியில் 5 நுண்ணிய பற்களைக் காணலாம். மாலத்தீவினர் இதன் இலையை நறுக்கி, தேங்காய்த் துருவலும் மாசியும் சேர்த்து உண்பர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதனை உவமையாக்க ஒரு சிலர் முற்படக்கூடும். எனக்கு அவ்வெண்ணம் இல்லை. அது மணலில் பிறந்து மணலிலேயே வாழ்வது.

சென்ற ஆண்டு முதல் என் அன்னைக்கு நினைவு தளர்ந்து வருகிறது. வேதாரணியத்து வீட்டைப் பூட்டி அவரை மும்பைக்கு அழைத்து வந்தோம். பேத்தியின் பெயர் சில நாள் நினைவில் வரும். சில நாள் வாராது. டிசம்பர் விடுமுறையில் அலிபாக் கரைக்குச் சென்றபோது, என் மகள் ஒரு பூவைக் கிள்ளி வந்து, "அப்பாயி, இது என்ன பூ?" என்றாள்.

அவர் அதை வாங்கினார். விரலில் ஒட்டிய பாலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எழுத்தாணிப் பூண்டு, கண்ணு. மொட்டைப் பாரு, எழுத்தாணி மாதிரியே இல்லே?" என்றார்.

எழுத்தாணி என்றால் என்ன என்று குழந்தை கேட்டாள். தம் தாத்தா வீட்டுச் சுவடிகளையும், ஓலையில் கீறிய எழுத்தை விளக்குக் கரி தடவித் துலக்கும் முறையையும் அம்மா அரைமணி நேரம் தடையின்றிச் சொன்னார். திரும்பும் வழியில் என் பக்கம் சாய்ந்து, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

இப்போது மாலைதோறும் மகள் ஒரு குறிப்பேட்டுடன் அவர் அருகில் அமர்கிறாள். செடியின் பெயரைக் கேட்டு எழுதுகிறாள். நேற்றுவரை 31 பெயர்கள். பாதிக்கு மேல் நான் கேட்டறியாதவை.