நாற்பது நாள் ஊர்

ஜசிடியில் ஏறினால் நேராகத் தாம்பரத்தில் இறங்கலாம். வாரத்துக்கு ஒரு வண்டி. முன்பெல்லாம் ஹவுரா போய், பிளாட்பாரத்தில் ஒரு ராத்திரி படுத்து, சென்ட்ரலில் இறங்கி, மூட்டையோடு பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் இடிபட்டு வீடு சேர்ந்தவர்களுக்கு இது சொகுசு. ஆனால் அந்த வண்டியில் ஊருக்குத் திரும்புகிறவள் பெரும்பாலும் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள். வண்டலூர், பெரும்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் பையன்கள். கூடூர் தாண்டியதிலிருந்து, "தீதி, தாம்பரம் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நான் நர்ஸ். ஜார்க்கண்டில், சாகிப்கஞ்ச் மாவட்டத்து ராஜ்மகால் மலையில், பதினான்கு வருஷமாக ஒரு மிஷன் கிளினிக்கில் இருக்கிறேன். வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு.

மலையில் இருப்பவர்கள் சௌரியா பஹாடியா மக்கள். சோளமும் காராமணியும் விதைப்பார்கள். மலேரியாவோடு காலா அசாரும் உண்டு. மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல், மண்ணீரல் வீங்கிக் கல்லாகிவிடும். நான் போன புதிதில் வாரக்கணக்கில் தினமும் ஊசி போட வேண்டும். பாதியிலேயே சோள அறுவடைக்கு ஓடிவிடுவார்கள், பின்னாலேயே மலையேறித் தேடுவோம். இப்போது ஆம்போடெரிசினை ஒரே தடவை சொட்டு சொட்டாக ஏற்றினால் பெரும்பாலும் போதும். என் முழங்காலைக் காப்பாற்றிய மருந்து அது.

அவர்கள் பேசும் மால்டோ, நம் மொழிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கண்ணுக்குக் 'கனு' (தொண்டையின் அடியிலிருந்து வரும் 'க'), பல்லுக்குப் 'பலு', மரத்துக்கு 'மனு', தண்ணீருக்கு 'அமு'. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்த ராஜ்மகால் மொழியின் திராவிட வேரைக் குறித்திருக்கிறார். முதல் வருஷம் ஒரு கிழவி தன் வாயைத் திறந்து 'பலு' என்று காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹிந்தியே தடுமாறிய காலம் அது.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் தூக்கம் வரவில்லை. இருட்டு இல்லை, அதுதான் காரணம். ஜன்னலை மூடினாலும் கேம்ப் ரோட்டின் வெளிச்சம் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. ஒரு சொம்புத் தண்ணீரில் நாலு தட்டுக் கழுவுவதைப் பார்த்து அம்மா முதலில் முறைத்தாள். அப்புறம், "தண்ணி லாரிக்காரன் வராத நாளுக்கு நீதான்டி சரி" என்றாள். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரிடம் வாய் தவறி "கித்னா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசராமல் ஹிந்தியில் விலை சொன்னார், என்னைவிட நன்றாக. வாடிக்கையாளரில் பாதிப் பேர் இப்போது வடக்கத்தியர்களாம். நான் தமிழ்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை ஐயர், "சிஸ்டர், பணித்தளச் செய்தி அஞ்சு நிமிஷம்" என்று அழைத்தார். ஐந்து நிமிஷத்தில் எதைச் சொல்வது? புலி உண்டா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர்கள் "எவ்வளவு தியாகம்!" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு பாட்டி மட்டும் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க புளி கிடைக்குமாம்மா?" என்றார். கிடைக்கும் பாட்டி, காட்டிலேயே கிடைக்கும் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன்.

பிள்ளைகள் இருவரும் டோனாவூரில் விடுதியில் படிக்கிறார்கள். கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். மகள் ஓடிவந்து ஓரடி தள்ளி நின்று, "வாங்கம்மா" என்றாள். விருந்தாளியைச் சொல்வதுபோல. பேச்சு அச்சு அசல் திருநெல்வேலி. சாயங்காலத்துக்குள் "போம்மா" என்று சண்டை போட்டாள், அப்போதுதான் சோறு இறங்கியது.

மிஷனெரி ஏமி கார்மைக்கேலின் கல்லறை அங்கேதான். அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. கல்லறைக்கு மேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி, அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல். பயிற்சிக் காலத்தில் அந்த ஐம்பத்தைந்து வருஷத்தைக் கேட்டு மலைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. போகாமலே இருந்துவிடுவது ஒருவகையில் லேசு. ஒவ்வொரு முறையும் போய், பாதி ஒட்டி, மறுபடி பிய்த்துக்கொண்டு வருவதுதான் பாடு. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

தாம்பரம் திரும்பியதும் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் அம்மாவோடு ஒரு நடை. புள்ளிமான் இன்னும் நிற்கிறது. 1938 டிசம்பரில், கல்லூரி இங்கே வந்த மறுவருஷமே, உலக மிஷனெரி மாநாடு இங்கே நடந்தது. சீனாவின் ஹாங்சோவில் நடக்க வேண்டியது, ஜப்பான் போரால் தாம்பரத்துக்கு மாறியது. ஏறக்குறைய 470 பேர். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர், 1909-இல் தானே பெட்டி கட்டித் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்த காலம். அவர் வீட்டில் புளிக்கு என்ன செய்தார்களோ!

லீவு முடிய ஆறு நாள் இருக்கையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் பாதி எழும்பிய அடுக்குமாடி ஒன்றைக் கடந்தபோது மேலே சாரத்திலிருந்து ஒருவன் கத்தினான். 'அமு' என்று காதில் விழுந்தது. நின்றுவிட்டேன். மால்டோவில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். தண்ணீர் வாளியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தான். போரியோ சந்தைக்கு மேலே இருக்கிற ஊராம். மலையில் மழை பெய்ததா என்றான். ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பேசப் பேச என் குரலே மாறிவிட்டதை அம்மா கவனித்திருக்கிறாள். "என்னடி, இப்பத்தான் ஊருக்கு வந்தவ மாதிரி பேசுற" என்றாள்.

மறுநாள் அவன் வீடு தேடி வந்தான், கையில் ஐந்து லிட்டர் குக்கர். ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்காம். சந்தையில் தம்பி வந்து வாங்கிக்கொள்வானாம்.

பெட்டியில் அதற்கு இடம் பண்ணவே ஒரு சாயங்காலம் போனது. காலியாகப் போகக்கூடாது என்று அம்மா நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி அதற்குள் திணித்தாள். "கேஸ்கெட் போட்டு மூடினா ரயில்ல வாசம் வராது."

"குக்கர்ல வாசம் போகாதேம்மா."

"அந்தப் பையனோட அம்மாவுக்குக் கொஞ்சம் குடு. புளி ஊத்தி வைக்கச் சொல்லு" என்று மூடியை அழுத்தித் திருகினாள்.