மூவர் ஒதுங்கிய இடைகழியும் நள்ளிரவு வெள்ளமும்

திருக்கோவிலூருக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது உலகளந்த பெருமாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைத்தான். உயரம் 192 அடி. ஆனால், வைணவ உலகில் இந்த ஊருக்குப் பெருமை சேர்த்த இடம் மிகச் சிறியது. ஒரு வீட்டின் இடைகழி, அவ்வளவுதான்.

மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் அந்த இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, இருவரும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்து பேயாழ்வார் வந்தார். மூவரும் நின்றுகொண்டார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை இருட்டிலேயே உணர்ந்தார்கள். அது பெருமாள் என்கிறது தலபுராணம்.

மழைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். 2024 டிசம்பரில் பெண்ணையாற்றின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்களுக்கு அதுதான் முதல் தேவையாக இருந்தது.

ஒரு நொடிக்கு 400 லாரி

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தொட்டது மழை. மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஏறக்குறைய அதே அளவு. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது.

டிசம்பர் 2 அதிகாலை, அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 400 லாரித் தண்ணீர்! சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. புதிதாக நீர் வராவிட்டால், நிரம்பிய அணையே இந்த வேகத்தில் 12 மணி நேரத்தில் காலியாகிவிடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. திருக்கோவிலூர் பகுதியில் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே வெள்ளத்தில் நின்றுபோனது.

ஐந்து முறை எச்சரிக்கை விடப்பட்டது என்றது அரசு. முறையான முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள்.

மாநாடு முடிந்த பிறகு...

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னை வர்த்தக மையத்தில் தமிழ்நாட்டின் முதல் காலநிலை உச்சி மாநாடு நடந்தது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் நகரில் கூடிய உலக மாநாட்டில், 2027-க்குள் பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்ற திட்டத்தை ஐ.நா. வெளியிட்டது. 24 மணி நேரம் முன்பே தகவல் கிடைத்தால் சேதத்தை 30 சதவிகிதம் வரை குறைக்கலாம் என்பது இத்தகைய மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு.

செயற்கைக்கோள், ரேடார், சென்சார், செல்போன் செயலி என்று இந்த மாநாடுகளில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. 'டி.என். அலர்ட்' செயலி இப்போது தமிழிலேயே எச்சரிக்கை தருகிறது. ஆனால், அங்கிருந்து திரும்பும் பொறியாளரும் அதிகாரியும் ஒருமுறை பெண்ணையாற்றங்கரையில் நின்று பார்த்தால் மூன்று விஷயங்கள் புரியும்.

ஒன்று, '1.68 லட்சம் கன அடி' என்பது கரையோரக் குடும்பத்துக்கு வெறும் எண். 'உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும்' என்பதுதான் செய்தி.

இரண்டு, அணையில் திறந்த நீர் இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரம் நள்ளிரவில் வந்தால், செல்போன் தலைமாட்டில் தூங்கும். தண்டோராவும் கோயில் மணியும் ஒலிபெருக்கியும் விழித்திருக்க வேண்டும்.

மூன்று, 'வெளியேறுங்கள்' என்றால் போதாது. எங்கே போவது, எந்த வழியாகப் போவது என்பது மழைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடைகழி போல.

ஆறு மறப்பதில்லை

கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயில் அருகே, ஆற்றுக்குள் தனியாக நிற்கிறது கபிலர் குன்று. நண்பர் பாரியின் மகளிருக்கு மணம் முடித்துவிட்டு கபிலர் உயிர் நீத்த இடம் என்பது நம்பிக்கை. இந்தச் செய்தியை அந்தக் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நட்பைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. 2024-ல் தண்ணீர் ஏறிய உயரத்தையும் தெருவுக்குத் தெரு ஒரு கல்லில் கோடு போட்டு வைத்தால், அடுத்த தலைமுறை எந்தச் செயலியும் இல்லாமலே அதைப் படித்துக்கொள்ளும்.

எப்படிப் போகலாம்?

விழுப்புரம், திருவண்ணாமலை இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ரயிலில் வருபவர்கள் கவனிக்க: திருக்கோவிலூர் ரயில் நிலையம் ஆற்றுக்கு வடகரையில், அரகண்டநல்லூரில் இருக்கிறது. அங்கே பாறை மேல் உள்ள சிவன் கோயிலையும் பார்த்துவிட்டு ஆற்றைக் கடக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்கள், சாத்தனூர் அணை நிலவரத்தை விசாரித்துவிட்டு ஆற்றில் இறங்குவது நல்லது.