உட்காரு

கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். நல்ல வாத்தியார் என்று பெயர். அதில் ஒரு பங்கு பித்தலாட்டம். தெரியாத இடம் வந்தால் குரலை உயர்த்துவேன். வகுப்பு அதைப் புலமை என்று எடுத்துக்கொள்ளும்.

மலை உச்சியில் ஆக்சிஜன் குறைவை எலி மாதிரியான சிறு பிராணிகள் எப்படிச் சமாளிக்கின்றன? “சிவப்பணு கூடும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். தேர்வுக்கு அது போதும். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “அணு கூடினா ரத்தம் கெட்டியாயிடாதா சார்? இதயம் எப்படித் தள்ளும்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. “புத்தகத்துல இருக்கிறதை முதல்ல படி. உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது, சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் அப்புறம் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அவள் கேட்டதுதான் விஷயமே. சமவெளிப் பிராணி மேலே போனால் சிவப்பணு பெருகும்; அளவு மீறினால் ரத்தம் தடித்து இதயத்துக்குப் பாரம். ஆண்டிஸ் மலைவாசிகளுக்கு இது நோயாகவே வருவதை பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925-லேயே சொல்லிவிட்டார். தலைமுறைகளாக மலையில் வாழும் எலிக்கு வழி வேறு. வட அமெரிக்காவின் மான் எலி சமவெளியிலும் உண்டு, 4,300 மீட்டருக்கு மேல் ராக்கி சிகரங்களிலும் உண்டு. உயரத்தில் வாழ்பவற்றின் ஹீமோகுளோபினில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அது ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வண்டிகளைக் கூட்டாமல் கொக்கியை மாற்றிய கதை.

ஆக்சிஜன் குறைவது மலையில் மட்டுமல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக நெருக்கியடித்து வாழும் முடியில்லாத வளையெலி இன்னும் விசித்திரம். ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாங்கியதாக 2017-ல் ஆய்வு வந்தது. சுண்டெலி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 200-லிருந்து 50-க்கு இறங்குகிறது. மூளையும் இதயமும் ஃப்ரக்டோஸுக்கு மாறிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் குளுக்கோஸ் பாதையில் ஒரு கட்டம் அடைபடும். ஃப்ரக்டோஸ் அதைத் தாண்டி உள்ளே நுழைகிறது.

இதெல்லாம் பின்னால் வந்த ஆய்வு, அன்று எனக்கு எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மோங்கே அன்றே நூலகத்தில் இருந்தார். அந்த வாரமே போய்ப் படித்தேன். அடுத்த வருஷப் பிள்ளைகளிடம், “ரத்தம் கெட்டியாகாதா? யோசிச்சீங்களா?” என்று நானே கேட்டு, நானே பதில் சொல்லி, கைதட்டலும் வாங்கினேன். யாருடைய கேள்வி என்று சொல்லவில்லை. அவள் அப்போது அதே துறையில் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள்.