தண்ணீரினால் நாம் பிரிக்கப்படலாமா?



1525 ஜனவரி 21 அன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர் ஜெபத்திற்காகக் கூடினர். ஜார்ஜ் பிளௌராக் என்பவர் எழுந்து, தமக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கான்ராட் கிரேபெலிடம் வேண்டினார். கூடியிருந்தவர்கள் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆயினும், அறிந்து விசுவாசிக்கிறவருக்கே ஞானஸ்நானம் என்று வேதத்தில் கண்டதாக நம்பினர். நகர மன்றம் அதைக் குற்றமென்று தீர்த்தது. அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5 அன்று லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். கொன்றவர்களும் சீர்திருத்தத் திருச்சபையினரே.

பகைவர் இவர்களுக்கு இட்ட பெயர் அனபாப்டிஸ்ட், அதாவது மறுஞானஸ்நானக்காரர். 1534-35இல் மூன்ஸ்டர் நகரில் ஒரு சாரார் வாளேந்தி நடத்திய ஆட்சியைக் காட்டி, அனைவரையும் கலகக்காரர் என்றே சரித்திரம் நெடுங்காலம் எழுதிற்று. இருபதாம் நூற்றாண்டில் பழைய விசாரணைப் பதிவுகள் அச்சேறியபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. இவ்வியக்கம் ஓரிடத்தில் மட்டுமன்றி, சுவிட்சர்லாந்திலும் தென்ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வெவ்வேறாக முளைத்தது என்று 1975 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் சேர்ந்தவர்களுள் நெசவாளர், தச்சர், உழவர், பெண்கள் பலர். தறியும் புஞ்சையுமாய் வாழும் நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர்.

அவர்களுள் டிர்க் வில்லெம்ஸ் என்பவர், நெதர்லாந்தின் அஸ்பெரனில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து மூழ்கினான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனால் பிடிபட்டு, 1569 மே 16 அன்று எரிக்கப்பட்டார். சத்துருவைச் சிநேகிக்கும்படி ஆண்டவர் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்.

இதை ஏன் எழுதுகிறேன்? அருப்புக்கோட்டை முதல் திருச்சுழி வரை நம் ஊர்களில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சபையில் திடப்படுத்தல் பெற்ற ஒரு வாலிபன் வேறொரு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டால், வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. கலியாணத்திற்கு அழைப்பு இல்லை. மரணம் நேர்ந்தால், கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா என்று தர்க்கம் எழுகிறது. போனவர்களும், பெற்றோரை இரட்சிக்கப்படாதவர்கள் என்று சொல்லிப் புண்படுத்துகிறார்கள்.

நம் திருச்சபை குழந்தை ஞானஸ்நானத்தைக் கைக்கொள்கிறது. ஒருமுறை பெற்றதை மறுபடியும் கொடுப்பதில்லை. நாம் தேவனை அறியுமுன்னே அவர் நம்மை அறிந்தார் என்பதற்கு அது அடையாளம். இதை நான் முழு மனதோடு போதிக்கிறேன். ஆனால் நம் வேரையும் நினையுங்கள். மண்டபசாலையில் நிலையம் அமைத்து இவ்வறண்ட சீமையில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷன், காங்கிரிகேஷனல் மரபில் வந்தது. மனச்சாட்சியினிமித்தம் இங்கிலாந்தின் அரச திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்களின் மரபு அது. விலகிப்போனவர்களின் வழியாகவே நமக்குச் சுவிசேஷம் வந்தது.

சமாதானம் கூடாத காரியமும் அல்ல. 1970இல் உருவான வடஇந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்ட் சபையாரும் இணைந்தனர். அங்கே குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் ஒரே சபைக்குள் இடம்பெறுகின்றன. 2010இல் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், முற்பிதாக்கள் செய்த கொடுமைகளுக்காக, அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் சென்றன. நாமும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமோ?

கொரிந்து சபையார் யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பிரிந்து நின்றபோது, கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா என்று பவுல் வினவினார் (1 கொரிந்தியர் 1). பிரியமானவர்களே, உபதேசத்தில் உறுதியாயிருங்கள். அதே வேளையில், பேச்சு நின்றுபோன அந்த வீட்டிற்கு இவ்வாரம் நீங்களே முதலில் செல்லுங்கள். தர்க்கம் வேண்டாம். சேர்ந்து உண்டு, சேர்ந்து ஜெபித்துத் திரும்புங்கள். துக்க வீடானால் பாடையைத் தூக்கத் தோள் கொடுங்கள்.

அன்பின் ஆண்டவரே, உம்முடைய நாமத்தினாலே நாங்கள் பெற்ற ஞானஸ்நானம் எங்கள் சகோதரரை வெறுக்கக் காரணமாகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.