தூதிழந்த காவல்

மடவளையிற் காலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாயொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தோளிலே காய்ச்சலாற் சோர்ந்த ஆண் குழந்தை. ஆறு மாதம் வரை கொழுகொழுவென்றிருந்தவன், அதன்பின் காதிற் சீழ், நெஞ்சிற் சளி, மீண்டும் நியூமோனியா என மெலிந்து வருகின்றான். கண்ணூறு என்பார் ஒருவர். தாயின் கவனக்குறைவு என்பார் மற்றொருவர். இரண்டுமன்றி வேறொரு காரணமும் இருத்தல் கூடும்.

1952 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒக்டன் புரூட்டன், இவ்வாறே அடிக்கடி நோயுற்ற எட்டு வயதுச் சிறுவனின் குருதியைப் பரிசோதித்தார். பிறபொருளெதிரிகள் அடங்கிய புரதப் பகுதி அதிலே காணப்படவில்லை. காரணம் துலங்க 41 ஆண்டுகள் சென்றன. 1993 இல், இன்று புரூட்டனின் பெயரையே தாங்கி நிற்கும் தைரோசின் கைனேசு என்ற நொதியம் இனங்காணப்பட்டது.

கைனேசு நொதியங்கள் புரதங்களின் மீது பொசுபேற்றை ஏற்றுவதன் மூலம், கலத்தின் புறத்தே கிடைத்த செய்தியை அகத்தே கடத்தும் தூதுவர்கள். என்பு மச்சையில் வளரும் பி நிணநீர்க்குழியத்துக்கு 'முதிர்க' என்னும் ஆணை புரூட்டன் நொதியத்தின் வழியே செல்கின்றது. தூது பழுதுற்றால் குழியம் முதிராது, பிறபொருளெதிரியும் தோன்றாது. முதல் ஆறு மாதமும் குழந்தையைக் காத்தவை, கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகளே. பழி சுமக்கும் அத்தாயே அதுவரை அவனுக்குக் காவலாயிருந்தாள்!

இந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆதலின் இக்குறை பெரும்பாலும் ஆண்களையே வருத்தும். தாய் தானறியாமலே அதனைக் காவியிருக்கலாம். மகனிடத்தே புதிதாகவும் தோன்றியிருக்கலாம்.

தூது மிகினும் தீங்கே. மடவளைக்கு அண்மையில், பொல்கொல்லையில் மகாவலியை மறிக்கும் அணைக்கட்டின் கதவுகள் என்றும் மூடிக்கிடப்பதும் கேடு; என்றும் திறந்துகிடப்பதும் கேடு. இதே நொதியத்தின் செய்தி ஓயாது பாய்வது சிலவகைக் குருதிப் புற்றுநோய்களை வளர்க்கின்றது. அதனைத் தடுக்கும் இபுரூட்டினிப் என்னும் மருந்து 2013 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

குறையுடன் பிறந்தவனுக்கோ, முன்பின் அறியாத பலர் ஈந்த குருதியினின்று பிரித்த பிறபொருளெதிரிகளை மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை வாழ்நாள் முழுவதும் ஏற்றல் வேண்டும். வாயால் ஊட்டும் உயிருள்ள போலியோத் தடுப்பு மருந்தை அவனுக்குத் தவிர்த்தல் வேண்டும். இவை யாவும் நோயை உரிய காலத்தில் அறிந்தாலன்றோ கைகூடும்?

ஆண் குழந்தை மீண்டும் மீண்டும் நோயுறுமிடத்து, தாயைக் குற்றஞ்சாட்டுமுன் அவன் குருதியைப் பரிசோதிக்கச் செய்வதே அறமும் அறிவுமாகும்.