ஆடிக் காற்றில் சுண்ணாம்புக் கோடு

கயத்தாறு பக்கம் ஓடுகளத்துக்குச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு போட்டால் நிற்காது. பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வருகின்றன. எந்தக் காற்றை நம்பி இங்கே காற்றாலைகளை நட்டார்களோ, அந்த மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி அடிப்பதும் அதே மாதங்களில்தான். காலையில் தூவிய கோடு மத்தியானத்துக்குள் பக்கத்துப் புஞ்சைக்குப் போய்விடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே சுண்ணாம்பை நீற்றிக் கரைத்து, மூக்கு வைத்த டப்பாவில் ஊற்றிக்கொண்டே கயிற்றோரமாக நடக்கிறார்கள். காய்ந்தால் மண்ணோடு பிடித்துக்கொள்ளும்.

நான் போனபோது அந்த டப்பா ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கையில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரிசல் பள்ளிகளிலேயே இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். ஊருக்குள் பெரியவர்களுக்கு ‘டிரில் வாத்தியார்’, பிள்ளைகளுக்கு ‘பி.டி. சார்’. இப்போது அந்த வேலையில் இருக்கும் இளைஞருக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறார்.

“காத்துக்கு எதுத்தாப்புல நின்னு ஊத்தாதீக தம்பி, கண்ணுல அடிச்சிரும்” என்றபடி டப்பாவை இளைஞரிடம் கொடுத்தார்.

ஒரு மைதானத்தில் முதலில் வேண்டியது செங்கோணம். கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து மீட்டருக்கு முடிச்சுப் போட்டு, மூன்று முளைகளில் இழுத்துக் கட்டினால் மூலை கிடைத்துவிடும். கபடிக்கும் வாலிபாலுக்கும் இதுவே போதும். வேலை கடினமாவது வட்டப்பாதையில். இங்கே 400 மீட்டர் சுற்றுக்கு இடமில்லை, 200தான். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். வெளிப்பாதைக்காரன் வளைவில் கூடுதலாக ஓட வேண்டியிருப்பதால், அவனை முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளி? இளைஞர் செல்போனைத் திறந்து, இரண்டாம் பாதைக்கு 7.04 மீட்டர், அடுத்தடுத்த பாதைகளுக்கு 7.67 என்று படித்தார்.

“அது விளிம்பு கட்டுன டிராக்குக்கு” என்றார் பெரியவர். “நமக்கு ஏது விளிம்பு? எல்லாத்துக்கும் 7.67 போடுங்க.”

கணக்கு இதுதான். உள்விளிம்பு மேடாகக் கட்டப்பட்ட மைதானத்தில், முதல் பாதையின் நீளத்தை அந்த விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள்; மற்றப் பாதைகளை அவற்றின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. வெறும் கோடு மட்டும் போட்ட களத்தில் முதல் பாதைக்கும் 20தான். அகலத்தை இரண்டு பையால் பெருக்கினால் 7.67. வளைவு பெரிதோ சிறிதோ, முழுச் சுற்றுக்கு இந்த எண் மாறாது. 7.04-ஐ இங்கே போட்டால் இரண்டாம் பாதைப் பிள்ளை முதல் பாதைப் பிள்ளையைவிட 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடும். 200 மீட்டரில் ஒரு பதக்கம் கைமாற அது தாராளம். கணக்குப் பாடத்துக்காக அடிக்கடி கடன் வாங்கப்படுகிற பீரியடை நடத்துகிறவர் இந்தக் கணக்கை வாயிலேயே போடுகிறார் என்பதை, கடன் வாங்குகிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

மண்தான் இவருடைய பெரிய எதிராளி. ஐப்பசி மழையில் கரிசல் ஊதும், செருப்பில் அப்பும். நட்ட வாலிபால் கம்பம் தையில் பார்த்தால் சாய்ந்து நிற்கும். பங்குனியில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். “வெடிப்புல பந்து மாட்டுனா எடுத்துக்கிடலாம். கணுக்கால் மாட்டுனா பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு.” அதனால் சரள் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்ட வேண்டும். சரளுக்கு நிதி ஒதுக்கீடு எதையும் அவர் பார்த்ததில்லை. ரோடு வேலைக்கு வரும் லாரிக்காரரிடம் பேசி ஒரு நடை வாங்கிவிடுவாராம்.

அவர் படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கியது அது. அங்கே கற்ற ஜிம்னாஸ்டிக்ஸ் கருவிகளில் ஒன்றைக்கூடத் தன் பள்ளிகளில் அவர் கண்டதில்லை. இங்கே உடற்பயிற்சி என்றால் தேசிய நெடுஞ்சாலையோரம் கட்டபொம்மன் நினைவிடம் வரை ஓடித் திரும்புவதுதான். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரில், நினைவிடம் காலை ஓட்டத்துக்குத் தூர அடையாளமாகவும் ஆகிவிட்டது.

ஓட்டத்தில் அவர் கடிகாரத்தை அதிகம் பார்ப்பதில்லை. பார்ப்பது திரும்பி வரும்போது யார் நடக்கிறார்கள், யார் அப்போதும் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று. பேசிக்கொண்டு வருகிறவர்கள் 1500 மீட்டருக்கு. குனிந்து ஓடினாலும் தடுமாறாத பிள்ளைகளைக் கோவில்பட்டிக்கு, ஹாக்கித் தேர்வுக்கு அனுப்பிவிடுவார். வடக்கே பக்கத்து ஊர்தான். செயற்கைப் புல் மைதானம், விளையாட்டு விடுதி எல்லாம் அங்கே இருக்கின்றன. 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி அங்கே நடந்தது. அதே 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். இருவருமே கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். பெரியவர் அனுப்பிய பிள்ளைகள் யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. போலீசில் சிலர், ரயில்வேயில் ஒருவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை ஏதும் தெரியவில்லை.

இளைஞர் பகுதிநேர ஆசிரியர். 2012-இல் உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை மாதம் ஐயாயிரத்துக்கு, வாரம் மூன்று அரை நாள் என்று அரசு எடுத்தது; அதில் ஒருவர். பிறகு அது 12,500 ஆனது. அரை நாள் என்பது காகிதத்தில். அன்று இருட்டும்வரை களத்தில்தான் இருந்தார். என் கண்ணில் இது வெளிப்படையான சுரண்டல். விளையாட்டு விழா மேடைகளில் பேசுகிறவர்கள் யாரும் இந்தத் தொகையைச் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசி வேலை நீளம் தாண்டும் குழி. இங்கே இருவருக்கும் ஒத்துவரவில்லை. காற்று முதுகில் தள்ளும்படி ஓடுபாதை போடலாம் என்றார் பெரியவர். நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனைக் கணக்கில் சேராது என்பது விதி.

“குறுவட்டத்துல ரெக்கார்டுக்கா தாண்டுது பிள்ளைக? நாலு விரக்கடை கூடத் தாண்டட்டும், சந்தோசமாப் போகும்லா.”

“இங்க அஞ்சு மீட்டர் தாண்டிட்டு, தூத்துக்குடியில மாவட்டத்துல நாலரை தாண்டுனா அந்தப் பிள்ளை மறுபடி வராது சார்.”

பெரியவர் கொஞ்ச நேரம் காற்றாலை இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பழக்குறது எப்பவும் எதிர்காத்துலதான் பழக்கணும். அத நான் மறுக்கல” என்றார். பிறகு குழிக்கு இரண்டு பக்கமும் ஓடுபாதை போடச் சொன்னார். காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யலாமாம். இளைஞர் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனார். சுண்ணாம்பு பத்தாது, இன்னொரு வாளி கரைக்க வேண்டியிருந்தது.